பதினெட்டு மாதம் ஓட்டிய பிறகு: வண்டி நல்ல வண்டி, எர்த்தைப் பாருங்கள்

வெள்ளகோவிலில் இருக்கும் சித்தப்பா பையன் போன வாரம் போன் போட்டான். "ஏனுங்ணா, கரண்ட் வண்டி வாங்கலாங்களா? விலை வேற எறக்கிட்டாங்களாமா." அவன் கூப்பிட்ட நேரம், வீட்டுக்குப் பின்னால், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி வெட்டுகிற இடத்தில் நான் கையெல்லாம் மண்ணாக நின்றுகொண்டிருந்தேன். என் எலெக்ட்ரிக் காருக்காக வெட்டும் இரண்டாவது குழி. அதனால் அவனுக்குச் சரியான பதில் சொல்லவில்லை, சத்தம்தான் போட்டேன். இப்போது பொறுமையாக எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 24 யூனிட் பேட்டரி, குன்னத்தூர் பக்கத்திலிருந்து திருப்பூர் போய்வர தினம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். யூனிட்டுக்கு எட்டு கிலோமீட்டர் கிடைக்கிறது. சென்னிமலை ஏறினாலும் திணறுவதில்லை. பெட்ரோல் பங்க் பக்கம் போய் எத்தனையோ நாளாகிறது. இதெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

யாரும் எழுதாதது, அந்த வண்டியை ராத்திரி மாட்டிவைக்கிற ஒரு பிளக் பாயிண்டைப் பற்றி.

வண்டியோடு கொடுக்கிற சார்ஜரை 15 ஆம்பியர் பாயிண்டில் மாட்டினால் போதும், கீசர் மாதிரிதான் என்று வாங்கும்போது சொன்னார்கள். கீசர் கால் மணி நேரம் ஓடி அணைந்துவிடும். இது 3.3 கிலோவாட், அதாவது 14 ஆம்பியருக்கு மேல், எட்டு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். எங்கள் வீட்டுக்கு இருபது வருடமாக வயரிங் பார்க்கும் அண்ணன் வந்தார். போர்ட்டிகோவில் தண்ணீர் மோட்டாருக்குப் போட்டிருந்த 2.5 ஸ்கொயர் எம்எம் லைனிலிருந்தே லூப் எடுத்து ஒரு பாயிண்ட் வைத்தார். வண்டி மறுநாள் வருகிறது. நானும் அவசரப்படுத்தினேன், அதை மறைக்கப் போவதில்லை. சார்ஜரை மாட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் பெட்டியைத் திறந்து என்னவோ செய்தார், பச்சை வந்துவிட்டது. "சார்ஜர் எர்த் கேக்குதுங், எடுத்துக் குடுத்துட்டேன்" என்றார். எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

எட்டாவது மாதம், ஆடியில், ஒருநாள் விடியற்காலை போர்ட்டிகோவில் பேக்கலைட் கருகும் வாடை. பிளக்கைப் பிடுங்கப் போனால் வரவே இல்லை. மெயினை அணைத்துவிட்டு இழுத்தேன். கரண்ட் வருகிற பேஸ் பக்கத்துப் பின் பழுப்பேறிக் கிடந்தது, சாக்கெட்டின் ஓட்டை உருகி வாய் கோணியிருந்தது. உள்ளே ஸ்க்ரூ லூஸ். வயரின் மேல்தோல் ஒரு விரல் நீளத்துக்குக் காய்ந்த ஓலை மாதிரி விறைத்து, தொட்டதும் உடைந்து உதிர்ந்தது. ஸ்க்ரூ தளர்ந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை வந்தாலே, 14 ஆம்பியர் போகும்போது அங்கே 20 வாட் சூடு உண்டாகும். ஏறக்குறைய ஒரு சின்ன சால்டரிங் அயர்ன். அதை எட்டு மணி நேரம் பிளாஸ்டிக்குக்குள் சொருகி வைத்தது போலத்தான் எங்கள் பாயிண்ட் இருந்திருக்கிறது.

ஆனால் எனக்குக் கை நடுங்கியது அதைப் பார்த்து இல்லை. பெருந்துறையிலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி, மில் வேலை பார்த்துப் பழகியவர், சாக்கெட்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலையும் எர்த் பின்னையும் இணைத்து இரண்டு அங்குல நீளத்தில் ஒரு துண்டு வயர். வீட்டு எர்த் வயர் எதிலும் சேராமல் ஓரத்தில் மடங்கிக் கிடந்தது. எர்த் எடுத்துக் கொடுத்தது இப்படித்தான். சார்ஜரை ஏமாற்றியிருக்கிறார்.

அந்தத் துண்டு வயர் என்ன செய்யும் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். எர்த் என்று சார்ஜர் நம்பிக்கொண்டிருப்பது வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. நியூட்ரல் எங்காவது அறுந்தால், பேஸில் வருகிற கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் துண்டு வயர் வழியாக வண்டியின் தகரத்துக்கு வந்துவிடும். முழுசாக 230 வோல்ட். நான்கு டயரும் ரப்பர் என்பதால் வண்டி சும்மா நிற்கும், ஈரத்தரையில் நிற்கிற ஆள் வந்து தொடும்வரை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். தென்னை மட்டை விழுந்து லைன் அறுவது புதிதில்லை. அந்த எட்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், சார்ஜில் நிற்கும்போதே, என் மகள் செருப்பில்லாமல் அந்த வண்டியைக் கழுவியிருக்கிறாள். இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நிறையப் பேர் வீட்டில் அப்படித்தானுங் ஓடுது என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் படித்த காலத்தில் இந்தச் சார்ஜர் கிடையாது. வண்டி விற்றவர்களும் வீட்டைப் பார்க்க ஆள் அனுப்பவில்லை. இத்தனையும் சொன்ன பிறகும் அவர்மேல் கோபம் போகவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, எர்த் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்புறம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தோம். மீட்டர் பெட்டியிலிருந்து போர்ட்டிகோவுக்கு 28 மீட்டர். வேறெதுவும் சேராமல் தனி லைன், 6 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர். 4 போதும், நாளைக்கு 7.2 கிலோவாட் சார்ஜர் வைத்தால் 32 ஆம்பியர் போகும் என்று பெரியதாகவே இழுத்துவிட்டேன். இப்போதைக்கு கரண்ட் அளவு மீறினால் அணைக்கும் 20 ஆம்பியர் எம்சிபி, அதோடு கரண்ட் வெளியே கசிந்தால் அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. கடையில் ஆர்சிசிபி கேட்டால் சாதாரணமாக ஏசி வகையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். முகப்பில் ஒரு அலைக்கோடு மட்டும் இருந்தால் அது ஏசி வகை. அலைக்கோட்டுக்குக் கீழே பாதி பாதி மேடுகளும் இருந்தால் ஏ வகை. வண்டிக்குக் குறைந்தது ஏ வகை வேண்டும். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைப் பார்க்கும் வசதி இல்லையென்றால் பி வகை, அது விலை அதிகம்.

எம்சிபி இருக்கிறதே, ஆர்சிசிபி எதற்கு என்று சித்தப்பா பையன் கேட்டான். எர்த் தடை 48 ஓம் இருக்கிற வீட்டில் பேஸ் நேராக வண்டி உடம்பில் பட்டாலும் 5 ஆம்பியர்கூட ஓடாது. 20 ஆம்பியர் எம்சிபி அதை ஒரு லோடு என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும்.

அந்த 48 ஓம் எங்கள் வீட்டுக் கணக்குத்தான். ஆவணியில் முதல் குழி வெட்டினோம். மேலே செம்மண், நாலடிக்குக் கீழே சுக்கான் கல், கடப்பாரை தெறித்தது. மூன்று மீட்டர் கம்பி இறக்கி ஐப்பசி மழையில் அளந்தபோது 6 ஓம். எனக்கு நிம்மதி. சித்திரையில் ஒருநாள் அம்மா, "கிரைண்டர் மறுபடி சுருக்குங்குதுடா" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு நாள் கழித்து ராத்திரி இரண்டு மணிக்குச் சார்ஜர் சிவப்புக் காட்டி நின்றுவிட்டது. காலையில் வண்டி 31 சதவீதம். மாதம் முழுக்க இதே கதை. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் ஓடும், மூன்று நாளில் நிற்கும். மண் காய்ந்தால் எர்த் போய்விடுகிறது, 6 ஓம் 48 ஆகிவிட்டது. மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டும், அதை நம்பாதீர்கள். மீட்டர் இழுக்கிற கரண்ட் கடுகளவு, மோசமான எர்த்திலும் அது சரியாகவே காட்டும். எர்த் டெஸ்டர் வைத்து, கோடையில் அளக்கச் சொல்லுங்கள்.

போன வாரம் வெட்டியது பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் வாழைக்குப் பக்கத்தில். எப்போதும் ஈரம் இருக்கும் இடம். பழைய கம்பியிலிருந்து அதன் ஆழத்துக்கும் அதிகமாகவே தள்ளி, கரியும் உப்பும் போடாமல் பென்டோனைட் என்கிற களிமண் கலவை போட்டு, இரண்டையும் சேர்த்துக் கட்டினோம். இப்போது 4.2 ஓம். இதுவரை எல்லாமாக இருபத்து நாலாயிரம் ஆகியிருக்கிறது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. எங்கள் அம்மா கிரைண்டர் பக்கத்தில் ஒரு மணைப்பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் மாவு தள்ளுவார். பத்துப் பதினைந்து வருடப் பழக்கம். ஷாக் என்று அவர் சொன்னதில்லை, சுருக்குங்குது என்பார், நாங்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். ஆவணியில் வீட்டு எர்த் முழுவதையும் புதுக் கம்பியில் சேர்த்த அன்று சாயங்காலம் வெறும் தரையில் நின்று கிரைண்டரைத் தொட்டுப் பார்த்தார். எடுத்த கையை மறுபடி வைத்தார். "ஒண்ணுமே இல்லடா" என்றார். வண்டி வாங்கியதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

சித்தப்பா பையன் கேட்ட இன்னொன்று: தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து லைன் இழுத்துக்கொள்ளலாமா? கூடாது. அது பாசனத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரம். வேறு காரியத்துக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் அபராதம் போடுவார்கள். அபராதம் இல்லாவிட்டாலும் கூடாது. விவசாய மின்சாரத்துக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1970-இல் மின் கட்டணம் ஏற்றியதை எதிர்த்துப் போராடியபோது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்துப்போனார்கள். நான் தினமும் அந்த வழியாகத்தான் திருப்பூர் போகிறேன். வீட்டு இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் போடலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. கரண்ட் பில் அட்டையில் இருக்கும் லோடு போதாவிட்டால் கூட்டித் தர எழுதிக் கொடு, அவ்வளவுதான். எனக்கு இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் கூடுகிறது. 500-ஐத் தாண்டினால் ரேட் ஏறும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

இவ்வளவு நல்லதையும் சொல்லிவிட்டு, வாங்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கையில் கடப்பாரைக் காய்ப்பு இன்னும் ஆறவில்லை. உன் வீட்டு எர்த்தைச் சித்திரை வெயிலில் அளந்து, ரீடிங்கைப் போட்டோ எடுத்து அனுப்பு. 5 ஓமுக்குக் கீழே இருந்தால் நானே உன்னோடு ஷோரூமுக்கு வருகிறேன்.