பக்கெட் சீட்டா, கன்வர்ட்டிபிளா? முதலில் காரின் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்

தலைப் பிரசவம் பெரும்பாலும் அம்மா வீட்டில்தான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆன பிறகுதான் குழந்தை அப்பா வீட்டுக்கு வரும். ஆகவே வேலூர்ப் பக்கத்துக் குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்தே இரண்டு கார்: தாத்தாவின் பத்து வருஷத்து ஆல்ட்டோ, அப்பாவின் புது வண்டி. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை என்றால் நடுவில் கால் டாக்ஸியும் சேரும். குழந்தைக்கான கார் சீட் எதை வாங்குவது என்பதை விலையோ துணியின் நிறமோ முடிவு செய்யக்கூடாது. இத்தனை வண்டியிலும் அது ஆடாமல் உட்காருமா என்பதுதான் கேள்வி.

கடையில் இரண்டு வழி காட்டுவார்கள். ஒன்று, கைப்பிடி வைத்த பக்கெட் சீட்; அதுவே ஸ்ட்ரோலர் மேல் ‘க்ளிக்’ என்று உட்காரும், ‘டிராவல் சிஸ்டம்’ என்பார்கள். மற்றது, முதலில் பின்னோக்கியும் பிறகு முன்னோக்கியும் வைக்கக்கூடிய, பிறந்ததிலிருந்து 18 கிலோ வரை தாங்கும் கன்வர்ட்டிபிள் சீட். ஸ்ட்ரோலரைத் தனியாக வாங்க வேண்டும். என் ஓட்டு இரண்டாவதுக்கு.

பக்கெட்டின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் வண்டியிலிருந்து இறக்கலாம். 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குப் போய்வர வசதி. எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைக்கு அதன் சின்ன ஓடு (குழந்தை படுக்கும் பிளாஸ்டிக் கூடு) பொருத்தமாக இருக்கும். அப்படிப்பட்ட குழந்தை என்றால் டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பக்கெட்டையே வாங்குங்கள். மற்றவர்களுக்கு அது சுமார் ஒரு வருஷப் பொருள். 13 கிலோ வரை என்று எழுதியிருந்தாலும், எடைக்கு முன்னால் உயரம் முந்திக்கொள்ளும். உச்சந்தலை ஓட்டின் விளிம்பைத் தொட்டால் அதன் காலம் முடிந்தது. சீட்டே நான்கு கிலோ பக்கம், குழந்தை நான்கைந்து கிலோ. சிசேரியன் ஆன அம்மா அதைத் தூக்கவே கூடாது.

இனி பெல்ட்டுக்கு வருவோம். ஐசோஃபிக்ஸ் பேஸ் (காரின் இரும்புக் கம்பிகளில் பெல்ட் இல்லாமலே மாட்டும் அடித்தளம்) இல்லாத பக்கெட்டைப் பின்னோக்கி, அதாவது குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி, கட்டும்போது, காரின் பெல்ட் இடுப்புப் பகுதியில் இரண்டு நீலக் கொக்கிக்குள் நுழைந்து குழந்தையின் கால்மேல் குறுக்கே போகும். தோள் பகுதி ஓட்டின் முதுகைச் சுற்றி வந்து பின்னால் இன்னொரு நீலக் கொக்கியில் மாட்டும். இவ்வளவு தூரம் சுற்ற நீளம் வேண்டும். சிறிய, பழைய ஹேட்ச்பேக்குகளின் பின் பெல்ட் பலவற்றில் அந்த நீளம் இல்லை. முழுதும் இழுத்த பிறகும் பெல்ட்டின் உலோக நாக்கு பக்கிளுக்கு நாலு விரல் தள்ளியே நிற்கும். சிலர் தோள் பகுதியைச் சுற்றாமல் விட்டுவிட்டு மாட்டுகிறார்கள். முதல் திடீர் பிரேக்கிலேயே ஓடு திரும்பிவிடும். எட்டினாலும் இன்னொரு வில்லங்கம் உண்டு: பக்கிளின் தண்டு நீளமாக இருந்து, அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் சீட்டின் கொக்கி விளிம்பில் மடங்கி உட்கார்ந்தால், இழுவை வரும்போது பக்கிள் உடையலாம். நடு சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கும் வண்டியில் அங்கே மாட்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கன்வர்ட்டிபிள் மாடல் பலவற்றில் இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் சேர்ந்தே பேஸின் பக்கவாட்டுத் துளை வழியாகக் குழந்தையின் காலுக்கு அடியில் போய்விடும். முதுகைச் சுற்றும் வேலை இல்லாததால் குறைந்த நீளமே போதும். பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் ‘லாக்-ஆஃப்’ க்ளிப் சீட்டில் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நம் பின் பெல்ட் திடீரென்று இழுத்தால்தான் பூட்டும். க்ளிப் இல்லாவிட்டால் நாலு வேகத்தடை தாண்டியதும் தளர்ந்துவிடும்.

மாட்டும் முறை இது. முன் பயணி சீட்டுக்குப் பின்னால் வையுங்கள். நீலக் குறி பின்னோக்கி வைக்க, சிவப்புக் குறி முன்னோக்கி வைக்க. பேஸ்மேல் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுத்து க்ளிப்பைப் பூட்டுங்கள். பிறகு பெல்ட் நுழையும் இடத்திலேயே பிடித்து ஆட்டிப் பாருங்கள், 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். உச்சியைப் பிடித்து ஆட்டினால் எந்த சீட்டும் ஆடும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். சீட் பக்கவாட்டில் உள்ள மட்டக்கோடு தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். நிமிர்ந்துவிட்டால் பச்சைக் குழந்தையின் தாடை நெஞ்சில் கவிழ்ந்து மூச்சை அடைக்கும்.

கன்வர்ட்டிபிளின் குறை இடம்தான். பின்னோக்கி வைத்தால் முன் சீட்டை நன்றாக முன்னே தள்ள வேண்டும், உயரமானவர் அங்கே உட்கார முடியாது. எட்டு, பத்து கிலோ கனம் வேறு. தினமும் வண்டி மாற்றினால் தோள் கழன்றுவிடும். இரண்டு காரிலும் ஐசோஃபிக்ஸ் இருந்தால் (சாய்மானமும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரல் விட்டால் 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பி தட்டும்) என் வாதத்தில் பாதி அடிபட்டுப் போகும். அப்போது பேஸோடு வரும் பக்கெட்டும் சரியே.

‘எல்லா காருக்கும் செட் ஆகும் சார்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு காரையும் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான ஆர்44 அல்லது ஆர்129 என்று போட்ட ஆரஞ்சு லேபிள், இல்லையென்றால் இந்தியத் தரமான ஏஐஎஸ்-072 முத்திரை இருக்க வேண்டும். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் பின்னோக்கி வைக்கவே கூடாது. ஆயா மடியில் வைத்துக்கொள்வதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள், மோதும்போது எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

பராமரிப்பில் நம்ம ஊர்ப் பிரச்சினை எண்ணெயும் வெயிலும். எண்ணெய்க் குளியல் போட்ட அன்றைக்கு உட்கார வைத்தால் உறை பிசுபிசுக்கும். உறையைக் கழற்றித் துவைக்கலாம். பட்டைகளை ஊறவைக்கவோ டெட்டாலில் போடவோ கூடாது, இழை பலமிழக்கும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். பக்கிளுக்குள் பால் காய்ந்து மாட்டாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள், தையல் மிஷின் எண்ணெய் விடாதீர்கள். கத்திரியில் காட்பாடியில் வெட்டவெளியில் நின்ற காரின் பக்கிள் நாக்கு தோலைச் சுட்டுவிடும்; வெள்ளைத் துண்டு போட்டு மூடி வையுங்கள், புறங்கையால் தொட்டுப் பார்த்து மாட்டுங்கள். போர்வை சுற்றி பட்டை போடாதீர்கள், பட்டை போட்டு மேலே துணி விரியுங்கள். வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர். நடுவில் ஒருமுறையாவது நிறுத்தி, குழந்தையை எடுத்துச் சமமாகப் படுக்க வையுங்கள்.

ஸ்ட்ரோலருக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். வேலூர் லாங் பஜார் நெரிசலில் எந்த ஸ்ட்ரோலரும் உருளாது. கோட்டைப் பூங்கா, ரயில் பிளாட்ஃபார்ம், அபார்ட்மென்ட் வளாகம், இவைதான் அதன் எல்லை. அதற்கு 12 கிலோ டிராவல் சிஸ்டம் சுமை. ஏழு கிலோவுக்குள் இருப்பதை வாங்குங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் முன்பே தேவை என்றால் முழுதும் படுக்கும் மாடலாக இருக்கட்டும். சிஎன்ஜி சிலிண்டர் போட்ட வண்டி என்றால் டிக்கியில் இடமே இராது. மூன்றாக மடிந்து கால் வைக்கும் இடத்தில் போகிறதா என்று அளந்து பாருங்கள். சாக்கடைப் பலகை இடுக்கில் சின்ன முன் சக்கரம் மாட்டினால் தள்ளாதீர்கள், கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கிக் கடத்துங்கள். அச்சில் முடி சுற்றிக்கொள்ளும், மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி எடுங்கள்.

ஸ்ட்ரோலரைப் பழசாக வாங்கலாம், பிரேக்கும் பூட்டும் சரியாக இருந்தால் போதும். கார் சீட்டைத் தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள்: அடியில் அச்சிட்ட காலாவதி தேதி, விபத்தில் சிக்கியதா, கையேடு இருக்கிறதா. இதில் ஒன்றுக்குப் பதில் வரவில்லை என்றாலும் வேண்டாம்.