மணப்பாறையில் ஜிஎஸ்டி பதிவு: எங்கள் வரி ஆலோசகர் எப்படி?

முறுக்கு போட்டு விற்கிறோம். பெங்களூருவில் ஒரு கடைக்காரர் மாதாமாதம் சரக்கு கேட்டார். ஜிஎஸ்டி பில் இருந்தால்தான் எடுப்பேன் என்றார். அதற்காகத்தான் பேருந்து நிலையம் பக்கம் இருக்கும் இந்த ஆலோசகரிடம் போனோம்.

"அக்கா, சரக்கு எங்கெல்லாம் போகுது?" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். அந்தக் கேள்விக்கே முழு மதிப்பெண் கொடுப்பேன். பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு செல்லாது, பதிவு கட்டாயம். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் விற்றுமுதலில் ஒரு சதவீத வரியோடு முடிந்துவிடுமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதில் இருந்தால் பெங்களூருவுக்கு அனுப்பவே முடியாது, எண்ணெய்க்கும் கவருக்கும் கட்டிய வரியையும் கழிக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். முன்பு விசாரித்த வேறொரு இடத்தில் இது எதையும் கேட்காமல் ஆதார், பான் கார்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

பில்லும் எழுதிக் காட்டினார். முறுக்குக்கு எச்எஸ்என், அதாவது பொருளின் வகையைக் குறிக்கும் எண், 2106. பாக்கெட் முறுக்குக்கு 12 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். திருச்சிக்குப் போனால் மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி இரண்டரை, மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி இரண்டரை. பெங்களூருவுக்கு முழு ஐந்தும் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி.

பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது, 2,000 ரூபாய் தன் கூலி என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பதிவில் என் செல்போன் எண்ணையே போட்டு, கடவுச்சொல்லையும் என் கையில் கொடுத்தார். நீங்கள் யாரிடம் போனாலும் இதை விடாமல் கேளுங்கள். ஓடிபி அடுத்தவர் போனுக்குப் போகக் கூடாது.

குறை இல்லாமல் இல்லை. 5 கோடிக்குள் விற்றுமுதல் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போடலாம், வரியை மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டும். அதை அவராகச் சொல்லவில்லை, நான் கேட்ட பிறகுதான் மாற்றிக் கொடுத்தார். அப்புறம், மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்களுக்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி நெருங்கினால் போனை எடுப்பதில்லை. விற்பனையே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் தாமதத்துக்கு நாளுக்கு 20 ரூபாய் கட்டணம் உண்டு என்பதால் அந்த நேரத்தில் பதற்றமாகிவிடுகிறது. பில்களை மாத முதல் வாரத்திலேயே நேரில் கொடுத்துவிடுங்கள்.