ஸ்பெயினா, மெக்சிகோவா: எந்த ஸ்பானிஷில் கடை விரிப்பது?

ஸ்பெயினுக்கு எழுதிய இணையதளத்தை அப்படியே மெக்சிகோவில் ஏற்றினால் முதலில் உதைப்பது விலைப்பட்டியல்தான். ஸ்பெயினில் 12.500,50 என்று எழுதுவது மெக்சிகோவில் 12,500.50. மெக்சிகோ நாணயமான பெசோவுக்கும் டாலருக்கும் ஒரே குறி ($), அதனால் பக்கத்தில் மெக்சிகோ பெசோவின் குறியீடான எம்எக்ஸ்என் (MXN) என்று போட்டுவிடுங்கள்.

கணினி ஸ்பெயினில் 'ஓர்தெனதோர்', மெக்சிகோவில் 'கொம்புதாதோரா'. மாறிப்போனாலும் புரியும், அந்நியமாகத் தெரியும், அவ்வளவுதான். 'கோஹெர்' அப்படியல்ல. ஸ்பெயினில் 'எடு' என்ற சாதாரண வினை. மெக்சிகோவில் கொச்சையான பாலியல் சொல். பொத்தானில் அது வந்தால் மானம் போய்விடும்.

ஸ்பெயின் விளம்பரங்களில் வாசகரை 'து' (நீ) என்று ஒருமையில் அழைப்பது இயல்பு. மெக்சிகோவில் வங்கி, காப்பீட்டுக் கடிதமென்றால் மரியாதையான 'உஸ்தெத்' (நீங்கள்) பாதுகாப்பு. பலரை அழைக்க ஸ்பெயினில் வரும் பன்மை 'வோசோத்ரோஸ்' மெக்சிகோவில் பேச்சுவழக்கிலேயே இல்லை.

ஒரே பதிப்புக்குத்தான் பணமென்றால் மெக்சிகோவுக்கு எழுதுங்கள். மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் அதுவே நெருக்கம்.