வெள்ளைக் கேன்வாஸா, செம்மண் பூச்சா? புதுப் படம் தொடங்க இரண்டு வழிகள்

புதுப் படம் தொடங்கப் பலரும் கைக்கொள்வது இரண்டு வழி. வெள்ளைக் கேன்வாஸில் பென்சிலால் முழுப் படத்தையும் வரைந்து, பகுதி பகுதியாக வண்ணம் நிரப்புவது ஒன்று. கேன்வாஸ் முழுக்க ஒரு மண்நிறத்தை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு, இருட்டையும் வெளிச்சத்தையும் பெரிய திட்டுகளாக வைத்துத் தொடங்குவது மற்றது. கடல், பாறை, ஏலா (வயல்வெளி), தென்னை விளை (தோப்பு) என்று வெளிக்காட்சி வரைகிறவர்களுக்கு இரண்டாவதையே சொல்வேன். நானும் அதற்குத்தான் மாறிவிட்டேன்.

பென்சில் வழி எளிது, செலவில்லை, பிழையை அழிக்கலாம். ஆயில் வண்ணத்தில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மெல்லிய பூச்சு ஆண்டுகள் போகப் போக ஒளி ஊடுருவுவதாகிவிடும். அழுத்தி வரைந்த பென்சில் கோடு அப்போது வெளியே தெரியும். கரிக்கோடு என்றால் துணியால் தட்டிப் பொடியை உதறாவிட்டால் வான நீலத்தில் கலந்து அழுக்காக்கும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இருட்டு-வெளிச்ச அளவு. வெள்ளைப் பரப்பின் பக்கத்தில் வைத்தால் எந்த நிறமும் இருண்டு தெரியும். சோதித்துப் பார்ப்பது சுலபம். டைட்டானியம் வெள்ளை, பர்ன்ட் சியன்னா என்னும் செம்மண் நிறம், கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம் மூன்றையும் குழைத்து ஒரு நடுத்தரச் சாம்பல் பழுப்பு எடுங்கள். அதையே ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெள்ளை அட்டையில் ஒரு பொட்டு, சியன்னா பூசிய அட்டையில் ஒரு பொட்டு வையுங்கள். வெள்ளையில் இருப்பது நிழல் போலவும், சியன்னாவில் இருப்பது வெயில் பட்ட மணல் போலவும் தெரியும். இரண்டும் ஒரே குழையலில் எடுத்தவை.

குமரி மாவட்டக் கடற்கரை ஊரான முட்டத்துப் பாறைகளை நண்பகலில் வரைகிறோம் என்று வையுங்கள். வெள்ளைக் கேன்வாஸில் பாறையின் நிழலை வைத்ததும் கன்னங்கரேலென்று தெரிகிறது. கை தன்னையறியாமல் வெள்ளை சேர்க்கிறது. கடலுக்கும் அப்படியே, மணலுக்கும் அப்படியே. கடைசியில் வெள்ளை முழுதும் மூடிய பிறகு பார்த்தால் நிழல் நிழலாக இல்லை, வெயிலும் இல்லை. படம் முழுக்கச் சுண்ணாம்புத் தூசி படிந்த மாதிரி நிற்கும். ஓரிடத்தை இருட்டாக்கினால் அடுத்த இடம் பொருந்தாது, முழுவதையும் மறுபடி பூச வேண்டும். நம் கடற்கரை வெயிலில் நிழலுக்கும் ஒளிக்கும் இடைவெளி பெரிது. அந்த இடைவெளி போனால் படத்தில் முட்டமே இல்லை. அடியில் நடுத்தர நிறம் இருந்தால், வைக்கிற ஒவ்வொரு பொட்டும் அதைவிட இருட்டா வெளிச்சமா என்று உடனே தெரிந்துவிடும்.

செய்முறைக்கு வருவோம். 18×24 அங்குலக் கேன்வாஸ் என்றால், முதலில் தாளில் ஒன்றரைக்கு இரண்டு அங்குலத்தில் நான்கைந்து பெட்டி போட்டு, கறுப்பு, சாம்பல், வெள்ளை மூன்றே அளவில் காட்சியைப் பிரித்துப் பாருங்கள். இந்த அளவில் குழம்பிக் கிடக்கும் காட்சி பெரிதாக்கினாலும் தெளியாது. கடையில் வாங்கிய கேன்வாஸுக்கு இன்னும் ஒரு கை ஜெஸ்ஸோ (வெள்ளை அடித்தளப் பூச்சு) கொடுத்து, காய்ந்ததும் 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பிறகு தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் பர்ன்ட் சியன்னா ஒரு தேக்கரண்டி, தண்ணீர் இரண்டு தேக்கரண்டி. இரண்டு அங்குலப் பிரஷால் பூசி, பழைய பருத்தித் துணியால் வட்டமாகத் துடைத்தெடுங்கள். கடற்காற்று அடிக்கும் இடத்தில் இது சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். கேன்வாஸில் முதலில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் திட்டுத் திட்டாக நிற்காது.

மேலே ஆயில் போடுவதாக இருந்தாலும் அடிப்பூச்சு அக்ரிலிக்காகவே இருக்கட்டும். ஆயிலையே டர்பன்டைனில் கரைத்துப் பூசினால் ஆடிச் சாரலில் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். அக்ரிலிக் மேல் ஆயில் நிற்கும். ஆயில் மேல் அக்ரிலிக் உரிந்துவிடும். கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுத் தொடங்குவது நல்லது.

அடுத்து, பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் கலந்த ஆயில் இருட்டை ஒரு அங்குலத் தட்டைப் பிரஷில் எடுத்து நிழல்களை மட்டும் வையுங்கள். தவறினால் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைக்கலாம். கீழே உள்ள பூச்சு அசையாது. பிறகு படத்தின் மிக இருண்ட இடம் ஒன்றையும் மிக வெளிச்சமான இடம் ஒன்றையும் அப்போதே வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவே வரும். நீலக் கடலுக்கும் பச்சை விளைக்கும் இடையில் விட்டுப்போன சியன்னாத் துளிகளை மூடாதீர்கள். எதிர்நிறம் என்பதால் நீலம் அங்கேதான் துடிக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு, பூச்சை அடர்த்தியாக்கிவிடுவது. நடுத்தரத்தைத் தாண்டி இருண்டால் மேலே வைக்கும் வெளிர் நிறங்கள் காலப்போக்கில் மங்கும்.

சூரியோதயத்துக்கு இந்த வழி சரிவராது. மெல்லிய மஞ்சளும் ஆரஞ்சும் ஒளிர, அடியில் வெள்ளை வேண்டும். சியன்னா மேல் அவை செத்துக் கிடக்கும். குமரிமுனையில் விடியலை வரைவதென்றால் வானப்பகுதியில் பூச்சு ஈரமாக இருக்கும்போதே துடைத்து வெள்ளையாக்கிவிட வேண்டும். அங்கே வெளிர் ஊதாச் சாம்பல் பூசுவதும் நன்றாக வருகிறது, ஆனால் இரண்டு மூன்று படங்களை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். நீர்வண்ணத்துக்கோ தாளின் வெள்ளைதான் வெளிச்சம், அதற்கு இந்தப் பேச்சே இல்லை.

கட்டடம் வரும் படத்தில் கோடு போடாமல் முடியவே முடியாது. 115 அடி உயர மாத்தூர் தொட்டிப்பாலத்தின் தூண்வரிசை ஒரு கோடு சாய்ந்தாலும் விழுந்துவிடும். அதற்கும் சியன்னாவின் மேல் வெள்ளைச் சாக்பீஸால் கோடு போடலாம், ஈரத்துணியில் போய்விடும். பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்கள் கேரள மரபில் வெள்ளைத் தளத்தில் கோட்டில் தொடங்கியவை: முதலில் மஞ்சள் கோடு, அப்புறம் நிறங்கள், கடைசியில் கறுப்பு விளிம்பு. நிறம் தட்டையாக, விளிம்புக்குள் நிற்க வேண்டிய படத்துக்கு அதுவே சரியான தொடக்கம்.