துபாய் தூய மரியன்னை ஆலயம்: ஒரு பங்குவாசியின் மதிப்புரை

துபாய்க்கு வேலைக்கு வரும் கத்தோலிக்கர் பலரும் வந்த முதல் வாரத்திலேயே வழி கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம், ஊத் மேத்தாவில் உள்ள தூய மரியன்னை ஆலயம். அப்போதைய ஆட்சியாளர் ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம் வழங்கிய நிலத்தில் 1967இல் திறக்கப்பட்ட இக்கோவில், மக்கள் பெருகப் பெருக இடம் போதாமல் போகவே, 1989இல் இன்றுள்ள பெரிய ஆலயமாகக் கட்டப்பட்டது. கப்புச்சின் சபைத் துறவிகள் வழிநடத்தும் இப்பங்கில் நான்கு ஆண்டுகளாகத் திருப்பலியில் பங்கேற்று வருபவன் என்ற முறையில், புதிதாக வருவோருக்காக இதை எழுதுகிறேன்.

ஆங்கிலம், அரபி, மலையாளம், கொங்கணி, தகலோக், தமிழ் எனப் பல மொழிகளில் இங்கே பூசை நடக்கிறது. தமிழ்த் திருப்பலிக்கு முதன்முறை போனபோது, தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சும் குமரி மாவட்டத்துப் பேச்சும் யாழ்ப்பாணத்துப் பேச்சும் ஒரே வாசலில் கலந்து கேட்டதில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஊரில் சிறுவயதில் பாடிய மாதா பாடலை, நம்மைப் போலவே வீட்டைப் பிரிந்து வந்த நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடக் கேட்பதற்கு ஈடாக இந்த நகரத்தில் எனக்கு வேறொன்று கிடைத்ததில்லை. தாய்மொழியில் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல், செய்ய முடிவதும் சிறிய காரியமன்று. மனத்தில் கிடக்கும் பாரத்தை அரைகுறை ஆங்கிலத்தில் இறக்கி வைத்தவர்களுக்கு அது புரியும்.

ஆயினும், தமிழ்ப் பூசையோடு நின்றுவிட வேண்டாம் என்பதே என் கருத்து. மொழிவாரியாகக் கூடும் பங்குகள் எல்லாவற்றிலும், ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒருவரையொருவர் அறியாமல் போகும் வாய்ப்பு உண்டு. வார நாள்களில் நடக்கும் ஆங்கிலத் திருப்பலிக்கு ஒருமுறை செல்லுங்கள். ஒரு மாலையில் என் வலப்புறம் வங்கி அதிகாரி போன்ற தோற்றத்தில் ஒருவர், இடப்புறம் நிறுவனச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்த பிலிப்பைன்ஸ் பெண். கர்த்தர் கற்பித்த செபம் தொடங்கியதும் அவர் தகலோகில் முணுமுணுத்தார், நான் தமிழில் சொன்னேன், முன்வரிசையில் மலையாளம் கேட்டது. 'ஆமென்' மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக வந்தது. கிறிஸ்துமசுக்கு முந்தைய ஒன்பது நாள்கள் பிலிப்பைன்ஸ் மக்கள் கொண்டாடும் சிம்பாங் காபி வழிபாட்டுக்கும் போய்ப் பாருங்கள். அவ்வளவு பெரிய கூட்டம் அவ்வளவு அமைதியாக நிற்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமையே வார விடுமுறையாக இருந்த காலத்தில், ஞாயிறு வழிபாட்டை அன்றே நிறைவேற்றுவது வளைகுடா வழக்கம். 2022இல் அமீரக அரசு வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிய பிறகு அந்த ஒழுங்கும் மாறிவிட்டது. எனவே பழைய நண்பர்கள் சொல்லும் நேரத்தை நம்பாமல், பங்கு வெளியிடும் அட்டவணையைப் பார்த்தே புறப்படுங்கள். கார் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட மெட்ரோவின் பச்சைத் தடத்தில் வந்து, ஊத் மேத்தா நிலையத்தில் இறங்குவது நல்லது. பெருவிழா நாள்களில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள்.

பூசை முடிந்ததும் உடனே கிளம்பாமல் மாதா சுரூபம் வைத்த குகை வடிவச் சிற்றாலயமான கெபிக்கு முன் சற்று நில்லுங்கள். போன மாதம் அங்கே ஒரு தொழிலாளி, ஒரு கையில் மெழுகுதிரியும் மறு கையில் கைப்பேசியுமாக நின்று, காணொளி அழைப்பில் தம் தாயாருக்கு மாதா சுரூபத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "அம்மா, தெரியுதா? நல்லாக் கும்பிட்டுக்கோங்க" என்று அவர் சொன்னபோது, பின்னால் காத்திருந்த நாங்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.