மெரினா மரப்பாதை: அலையருகே செல்லும் உரிமை

சென்னை மெரினாவில், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதை, நகரின் பொதுவெளிகளில் நான் மனமாரப் பாராட்டும் மிகச் சில அமைப்புகளில் ஒன்று. மணலில் சக்கரங்கள் புதைய, யாரேனும் தூக்கிச் சென்றால்தான் அலையருகே போகலாம் என்றிருந்த நிலையை, ஏறத்தாழ 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட இப்பாதை மாற்றியது. அகலமே இதன் பெரும் சிறப்பு: எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் தயக்கமின்றி ஒன்றையொன்று கடக்கலாம், உடன் வருபவர் பக்கத்திலேயே நடந்தபடி பேசிக்கொண்டும் வரலாம். 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயரக் கூடாது என்ற சாய்தள விதியைக்கூட மதிக்காத கட்டட வாயில்கள் பெருகிய ஊரில், இந்தத் தாராளம் மதிப்புமிக்கது.

திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் கடலோர முனையைச் சேதப்படுத்தியது, பிறகு சீரமைத்தார்கள். கடற்கரையில் பராமரிப்பையும் கட்டுமானத்தின் பகுதியாகவே கருத வேண்டும். காற்று கொண்டுவந்து குவிக்கும் மணலை உடனுக்குடன் அகற்றாவிட்டால், பலகை இருந்தும் சக்கரம் நகராது.

மாலையில் கூட்டம் மிகும் என்பதால், சக்கர நாற்காலியில் வருவோர் காலையில் செல்வது நல்லது.