டூ போஸ்ட்டா, ஃபோர் போஸ்ட்டா? முதலில் தரையைத் துளைத்துப் பாருங்கள்

அம்பாசிடருக்கு அடியில் மல்லாந்து படுத்து, கியர்பாக்ஸை நெஞ்சுக்கு மேல் தாங்கி இறக்குகிற வேலையை நாற்பது வயது வரை செய்யலாம். எனக்கு நாற்பத்தெட்டு. கடைசியாக அப்படி இறக்கியது மூன்று வருடத்துக்கு முன்பு. அதற்கப்புறம் ஒரு மாதம் இடது கையால் சட்டை மாட்ட முடியவில்லை. வீட்டிலேயே காரைத் தூக்குகிற லிஃப்ட் ஒன்றைப் போட்டுவிடுவது என்று முடிவானது அப்போதுதான். இருப்பவை ஒரு மார்க் 4 அம்பாசிடர், ஒரு மாருதி 800, தினமும் ஓட்ட ஒரு இன்னோவா. நான் மெக்கானிக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெக்கானிக்.

வாங்கியது டூ போஸ்ட், அதாவது இரண்டு தூண் லிஃப்ட். மறுபடி வாங்கினாலும் அதையேதான் வாங்குவேன். ஆனால் என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப் பேரிடம் அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதற்கான காரணம் லிஃப்டில் இல்லை, தரையில் இருக்கிறது.

அதற்கு முன் மற்ற வழிகளைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். குழி வெட்டுவது நம் ஊரில் பழைய வழி, செலவும் குறைவு. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழிக்குள் இறங்கித் தங்கிவிடும். ஐப்பசி மழையில் ஊற்று எடுக்கும். தவளை வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பேச்சே வேண்டாம். வாட்டர் சர்வீஸ் கடைகளில் தரைக்குள்ளிருந்து ஒற்றைத் தூண் மேலே எழும்புமே, அது காரைக் கழுவத்தான் சரி. கார் அடியின் நடுப்பகுதி முழுவதையும் அதுவே மறைத்துக்கொள்ளும். சிசர் லிஃப்டிலும் இதே குறைதான். இடுப்பு உயரத்துக்குத் தூக்கும், பிரேக், டயர் வேலைக்கு அருமை. கியர்பாக்ஸ், சைலன்சர் என்று நடுவில் கை வைக்கப் போனால் கத்தரிக்கால்கள் குறுக்கே நிற்கும்.

ஆக மிச்சம் இரண்டு.

ஃபோர் போஸ்ட் என்பது நான்கு தூண், இரண்டு நீளப் பலகை. காரை அதன்மேல் ஓட்டி ஏற்றி நிறுத்த வேண்டியதுதான். கார் தன் டயரிலேயே நிற்கும். டூ போஸ்ட்டில் பக்கத்துக்கு ஒரு தூண். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கைகள் நீண்டு காரின் அடியை நான்கு இடத்தில் பிடித்துத் தூக்கும், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும். பிரேக், சஸ்பென்ஷன், ஆக்ஸில் வேலை செய்கிறவனுக்கு இது பெரிய வசதி. ஃபோர் போஸ்ட்டில் இதே வேலைக்குப் பலகைகளுக்கு நடுவே ஓடும் ஜாக்கி ஒன்றைத் தனியாக வாங்கி, அதை வைத்து ஒவ்வொரு ஆக்ஸிலாகத் தூக்க வேண்டும். ஆயில் மாற்றுவது, அடிப்பக்கம் துரு தட்டிக் கோட்டிங் அடிப்பது, ஒரு காரை மேலே ஏற்றிவிட்டு இன்னொன்றைக் கீழே நிறுத்துவது இவைதான் உங்கள் தேவை என்றால் ஃபோர் போஸ்ட்டே போதும். இதைப் பொறுத்தவரை பட்டிமன்றத்துக்கு ஒன்றுமில்லை.

உயரம் முதலில் இடித்தது. நம் வீட்டு போர்டிகோவெல்லாம் 9 அடி, மிஞ்சினால் 10 அடி. லிஃப்ட் காரை 6 அடி தூக்குகிறது, அம்பாசிடரின் உயரமே 5 அடிக்கு மேல் என்றால் கணக்கு உங்களுக்கே தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல், போர்டிகோவுக்குக் கீழே இருப்பது. பெரும்பாலான வீடுகளில் தண்ணீர்த் தொட்டி அங்கேதான், சில வீடுகளில் செப்டிக் டேங்கும். தூணைத் தரையோடு பூட்டுகிற ஆங்கர் போல்ட்டைத் தொட்டியின் மூடிப் பலகையில் அடிக்க யாராவது வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். நான் வீட்டுக்குப் பின்னால் 14 அடி உயரத்தில் ஒரு தகர ஷெட் போட்டேன். அங்கே ஏற்கெனவே சிமென்டுத் தரை இருந்தது. மேலே கையால் தட்டினால் கல் மாதிரிக் கெட்டியாக இருக்கும்.

லிஃப்டை விற்றவர்கள் அனுப்பிய ஆள் வந்தார், குதிகாலால் இரண்டு மிதி மிதித்தார். “தரை பரவாயில்லீங், அப்படியே பூட்டிரலாம்” என்றார். தூண்கள் அப்போதே வந்து இறங்கியிருந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. தூண் நிற்க வேண்டிய இடத்திலேயே ஒரு துளை போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஹேமர் டிரில் இறங்க இறங்க வெள்ளைச் சாம்பல் தூள் துளையைச் சுற்றிக் குவிந்தது. இரண்டரை அங்குலம் தாண்டியதும் சத்தம் மாறியது. டிரில் வெண்ணெயில் கத்தி போல ஒரே சறுக்காக உள்ளே போனது. வெளியே எடுத்தால் முனையில் அப்பியிருந்தது கருப்பு மண். ஈரக் கரிசல். அந்த ஆள் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு போனை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே போய்விட்டார்.

டூ போஸ்ட்டுக்குத் தரை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஃபோர் போஸ்ட்டில் எடை நேராகக் கீழே இறங்குகிறது. நான்கு தூணும் மேசைக் கால் மாதிரி, போல்ட் பூட்டுவது தூண் நகராமல் இருக்கத்தான். வீட்டுக்கென்று வருகிற சில மாடல்களைப் பூட்டாமலேகூட நிறுத்தலாம். டூ போஸ்ட்டில் அப்படியில்லை. தூணிலிருந்து கை உள்பக்கமாக நீண்டு, அதன் நுனியில் கார் உட்கார்ந்திருக்கிறது. முழங்கையை மடக்காமல் கையை நீட்டி ஒரு குடம் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள், உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். தூணும் அப்படித்தான், காரை நோக்கி உள்ளே சாயப் பார்க்கும். அதைத் தடுப்பது அடித்தட்டின் வெளிப்பக்க போல்ட்டுகள். அவை மேல்நோக்கி இழுபடுகின்றன. அந்த இழுப்பைத் தாங்குவது போல்ட் அல்ல, போல்ட்டைச் சுற்றியிருக்கிற கான்கிரீட். என்னுடையது முக்கால் அங்குல போல்ட். மூன்றேகால் அங்குலமாவது கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும் என்கிறது கையேடு. இரண்டரை அங்குலத் தரையில் அதை எங்கே இறக்குவது?

மெல்லிய தரையைவிட மோசம் கரிசல். கோவைக்குக் கிழக்கே எங்கள் பக்கம் பல இடங்களில் இந்த மண்தான். மழையில் உப்பும், சித்திரையில் சுருங்கி வெடிக்கும். மேலே இருக்கும் தரையைத் தூக்கிவிட்டு அப்புறம் கைவிடும். டைல்ஸ் ஏன் வருடாவருடம் பெயர்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இது தெரியும். ஒரு தூணின் அடி அரை அங்குலம் எழுந்து, மற்றது எழாமல் இருந்தால் மேலே நிற்கிற கார் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது.

அதனால் உடைத்தேன். எங்கள் ஊர்க் கொத்தனாரும் நானும் பேசிச் செய்தது இது. 14 அடிக்கு 5 அடி அளவில் கரிசலை மூன்று அடி ஆழம் வழித்து வெளியே போட்டோம். கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கினோம். அதன்மேல் சல்லிக் கான்கிரீட் ஒரு படுகை. அதற்கும் மேல் இரட்டைக் கம்பி வலையோடு எம்25 என்கிற தரத்தில் கான்கிரீட், ஒரு அடி கனம். இரண்டு தூணுக்கும் தனித்தனிக் குழி போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஒரே பலகையாகத்தான் போட்டேன், மண் ஆடினாலும் இரண்டு தூணும் சேர்ந்தே ஆடட்டும் என்று. கொத்தனார் கம்பியைக் கட்டிக்கொண்டே, “ஏனுங் தம்பி, காரை நிறுத்தறீங்களா, யானையைக் கட்டப் போறீங்களா?” என்றார். கான்கிரீட் இறுகியதும் சுற்றிலும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். 28 நாள். தூண்கள் சுவரோரம் தார்ப்பாயில் படுத்திருந்தன. அம்மா தினமும் காலையில் எட்டிப் பார்த்து, அதில் கீரை விதைத்திருந்தால் இந்நேரம் பறித்திருக்கலாம் என்பார்.

லிஃப்ட் விலையில் மூன்றில் ஒரு பங்கு இந்தத் தரைக்கே போனது. விலைப்பட்டியலைப் பார்த்து டூ போஸ்ட் மலிவு, ஃபோர் போஸ்ட் அதிகம் என்று சொல்கிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், என் கணக்கில் டூ போஸ்ட் ஒரு படி அதிகம்கூட.

பூட்டுகிற அன்று தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துத் தூண்களைச் சரிபார்த்தோம். ஒரு பக்கம் நூலளவு சாய்ந்திருந்ததற்கு அடித்தட்டின் கீழ் இரும்புத் தகடு கொடுத்தோம். முதல் மாதம் வாரம் ஒருமுறை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சை வைத்து எல்லா போல்ட்டையும் பார்த்தேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இதுவரை ஒன்றும் தளரவில்லை. மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது. கரிசலுக்கு மூன்று வருடமெல்லாம் ஒரு கணக்கா என்று கொத்தனாரே சொல்வார், அதனால் இதைப் பெரிதாகப் பேச மாட்டேன்.

பயன்படுத்துவதில் நான் பழகிக்கொண்டவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். டயர் நான்கு விரற்கடை தரையை விட்டு எழும்பியதும் நிறுத்திவிட்டு, பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்ப்பேன். கார் வழுக்குவதென்றால் அந்த உயரத்திலேயே வழுக்கட்டும். மேலே போகும்போது இரண்டு தூணிலும் பூட்டு நாக்குகள் ‘டக் டக்’ என்று சேர்ந்து விழ வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் இரண்டு பக்கத்தையும் சமமாக ஓட்டுகிற கம்பிவடம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேண்டிய உயரம் வந்ததும் கொஞ்சம் இறக்கி, எடையைப் பூட்டின் மேல் உட்கார வைத்த பிறகே உள்ளே போவேன். லிஃப்டை மேலே தள்ளுகிற ஆயில் பிரஷரை நம்பி அடியில் நிற்பது, ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பது மாதிரிதான்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. பூட்டில் உட்கார்ந்த காரை இறக்க வேண்டுமானால் முதலில் ஒரு அங்குலம் மேலே தூக்க வேண்டும், அப்போதுதான் நாக்கு விலகும். கரண்ட் இல்லையென்றால் கார் மேலேயே நிற்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று தெரியாமல் ஒரு நாள் இன்னோவாவை ஏற்றிவிட்டு, மாலை வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு ஆட்டோவில் போனோம். மோட்டார் 3 எச்பி. வீட்டில் த்ரீ ஃபேஸ் இருந்தாலும் வெயில் காலத்தில் ஒரு ஃபேஸ் படுத்துக்கொள்வது வழக்கம், அப்போது ஓட்டினால் த்ரீ ஃபேஸ் மோட்டார் புகைந்துவிடும். அதனால் கேட்டு வாங்கியது சிங்கிள் ஃபேஸ்.

இன்னொன்று, எடையின் நடு. அம்பாசிடரின் பின் ஆக்ஸிலை லீஃப் ஸ்பிரிங்கோடு கழற்றினால் பின்பக்கம் திடீரென்று லேசாகிவிடும், மூக்கு கீழே வரப் பார்க்கும். கழற்றுவதற்கு முன்பே முன்பக்கத்துக்கு உயரமான ஸ்டாண்டு கொடுத்துவிட வேண்டும். இதைப் பட்டறைக்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் நான் கழற்றியிருப்பேன்.

என்னைக் கிட்டத்தட்ட ஃபோர் போஸ்ட் பக்கம் சாய வைத்ததும் இந்தப் பழைய கார்தான். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எல்லாம். அடித்தகடு துருவேறி இருந்தால் டூ போஸ்ட்டின் கை பிடிக்கிற இடத்திலேயே பொத்துக்கொண்டு போகும். என் காரில் வலது பின் பக்கம் ஸ்பிரிங்கின் முன்முனை பூட்டுகிற இடத்தை ஸ்குரூடிரைவரால் குத்தினால் பொரி மாதிரி உதிர்ந்தது. வெல்டிங் வைத்துத் தகடு மாற்றிய பிறகுதான் முதல்முறை தூக்கினேன். ஃபோர் போஸ்ட்டாக இருந்திருந்தால் டயரில் நின்றபடியே மேலே போயிருக்கும்.

ஃபோர் போஸ்ட்டைப் பற்றி என் அனுபவம் நண்பர் ஒருவர் வீட்டில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள்தான். அவர் தரை ஐந்து அங்குலம், செம்மண் பூமி, ஒன்றும் உடைக்கவில்லை. இரண்டு நாளில் பூட்டி முடித்தார்கள். அவர் பழுது பார்ப்பதைவிட நிறுத்தி வைப்பதுதான் அதிகம். மேலே ஒரு பழைய பத்மினி கார், கீழே மகளின் ஸ்விஃப்ட். பத்மினியிலிருந்து ஆயில் சொட்டாமல் இருக்க நடுவில் ஒரு தகரத் தட்டு வைத்திருக்கிறார். அவருக்கு அது சரி. கம்பிவடம் மாற்றுகிற செலவு எதில் எவ்வளவு என்று கேட்காதீர்கள், எங்கள் இருவருக்குமே இன்னும் அந்த நாள் வரவில்லை.

போன மாதம் அவருடைய மைத்துனர் டூ போஸ்ட்டுக்கு முன்பணம் கட்டப் போகிறேன் என்று என்னைக் கூப்பிட்டார். டிரில்லில் ஆறு அங்குலத்துக்கு ஒரு டேப் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். தூண் வரும் இரண்டு இடத்திலும் துளை போட்டோம். இடது பக்கம் ஐந்தரை அங்குலம் வரை சாம்பல் தூள். வலது பக்கம் மூன்றாவது அங்குலத்தில் மண் வந்தது, நல்லவேளை சிவப்பு. முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, எங்கள் கொத்தனாரின் நம்பரை வாங்கிக்கொண்டார்.